முடிச்சுப் போட ஒரு நாள், அவிழ்க்க ஒரு நாள்

கல்யாணமாகி வந்த முதல் வாரமே தலையணைக்கு அடியில் ஒரு சிவப்பு நூல் கிடைத்தது. மெல்லிய செப்புக் கம்பியோடு சேர்த்து முறுக்கி, நடுவில் இறுக்கமாக ஒரு முடிச்சு. புதுப்பெண்ணுக்கு அலற வேண்டும் போல இருந்தது. ஆனால் சமையலறையில் மாமியார் இருந்தார். அதனால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த புருஷனிடம் ஓடினாள்.

அவன் ஈரக் கையாலேயே நூலைத் திருப்பிப் பார்த்தான். "அம்மா கைவேலை," என்றான் சாதாரணமாக. "அவங்க சொல்றதுக்கெல்லாம் நீ தலையாட்டணும்னு கட்டியிருப்பாங்க. பயப்படாத, பலிக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

"அம்மாவுக்கு மந்திரமெல்லாம் நல்லாத் தெரியும். நாள்தான் தெரியாது."

பிற்பாடு எங்கள் தெருவே 'நாளக்கா' என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணின் படிப்பு இந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது.

புருஷன் சொன்னது பொய்யில்லை. மாமியார் இடதுகைக்காரர். அந்தக் கை நூலை முறுக்கினால் நூல் நிமிர்ந்து நிற்கும். மெழுகுவத்தி ஏற்றினால் சுடர் அசையாது. ஆனால் செய்ததெல்லாம் தலைகீழாய் முடிந்தது. வளர்பிறையில் உட்கார்ந்து எலி விரட்ட மந்திரம் போட்டார்; பக்கத்து வீட்டு எலிகளும் குடும்பத்தோடு குடிவந்தன. வாடகை வீட்டுக்காரர் மனம் இளக வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை உப்பை வறுத்தார். அடுப்பு அணைவதற்குள் அந்த மனிதர் வாசலில் வந்து நின்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போனார். நாள் செய்வது நல்லார் செய்யார் என்கிற பழமொழி மாமியாருக்கும் தெரியும். பழமொழி தெரிந்து என்ன, நாள் தெரிய வேண்டுமே!

மருமகளுக்கு யாரும் எதையும் கற்றுத் தரவில்லை. தற்காப்புக்காகத்தான் கவனிக்க ஆரம்பித்தாள். மாமியார் நூலை எடுக்கிற அன்று மாடிப்படியில் ஏறி நிலவைப் பார்ப்பாள். என்ன கிழமை என்று மனதில் குறித்துக்கொள்வாள். பிறகு என்ன நடக்கிறது என்று காத்திருப்பாள். எலி வந்ததும், வீட்டுக்காரர் கத்தியதும், ஒரே ஒரு தடவை தற்செயலாகத் தேய்பிறையில் செய்து மாமியாரின் தீராத தலைவலி தீர்ந்ததும் எல்லாம் மெல்ல ஒரு ஒழுங்கில் வந்து உட்கார்ந்தன. சேர்க்க வேண்டியதை நிலவு வளரும்போது செய்ய வேண்டும், விலக்க வேண்டியதை அது தேயும்போது. வெள்ளி மனசுக்கு, வியாழன் வேலைக்கு, சனி அவிழ்க்க. செவ்வாயில் எதைத் தொட்டாலும் சண்டைதான்.

இது புரிந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தால் இல்லை, குதூகலத்தால். பூட்டுக்குள் சாவி திரும்புகிற சத்தம் போல ஏதோ ஒன்று தலைக்குள் 'டக்' என்று விழுந்ததாகப் பின்னால் சொல்வாள். சாவி அவளுக்குப் புதிதில்லை. அவள் அப்பா பஸ் நிலைய வாசலில் சாவிக்கடை வைத்திருந்தவர். அவருக்குப் பிறகு அரமும் மெஷினும் அவளிடம்தான் வந்தன.

ஆனாலும் தெரிந்ததை வெளியே சொல்லவில்லை. எதிரிக்கு யாராவது நாள் பார்த்துக் கொடுப்பார்களா? மாமியார் தன்மேல் ஏதோ செய்யப்போகிறார் என்று தெரிந்தால், அது பலிக்கிற நாளாக இருந்தால், அன்று அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பலிக்காத நாளாக இருந்தால் கால் நீட்டித் தூங்குவாள்.

ஒருநாள் அந்த மௌனம் உடைந்தது. புருஷன் பஸ் ஓட்டுநர். அப்போது வெகுதூர வழித்தடத்தில் போட்டிருந்தார்கள். போனால் வீடு திரும்பப் பல நாளாகும். பக்கத்து வழித்தடம் கிடைக்க வேண்டும் என்று மாமியார் தரையில் மெழுகுவத்தியை நட்டு, நூலைக் கையில் எடுத்தார். அன்று செவ்வாய்க்கிழமை. போதாக்குறைக்குத் தேய்பிறை. மருமகள் வாசற்படியில் நின்று பார்த்தாள். இன்று செய்தால் அவன் இன்னும் தூரம் போவான். வாய் தானாகத் திறந்தது.

"இன்னிக்கு வேண்டாம் அத்தை."

மாமியார் நிமிர்ந்தார். "என்ன சொன்ன?"

"நிலா வளரட்டும். வளர்பிறை வியாழக்கிழமை பண்ணுங்க. இன்னிக்குப் பண்ணா அவர் திரும்பியே வரமாட்டார்."

மாமியார் கிழித்த தீக்குச்சியைக் கையில் பிடித்தபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தார். தீக்குச்சி விரலைச் சுடும் வரை பார்த்தார். பிறகு 'ஸ்ஸ்' என்று அதை உதறிவிட்டு, மெழுகுவத்தியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார். அவள் சொன்ன வியாழக்கிழமையே செய்தார். அதற்கடுத்த வாரம் புருஷன் சாயங்காலமே வீடு வந்து சேர்ந்தான், கையில் மாற்றல் உத்தரவோடு.

அன்று மாமியார் முதல்முறையாக அவள் தட்டில் தானே பரிமாறினார். "இத்தனை நாளா தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்திருக்கியே, திருடி!" என்றார். அந்தத் 'திருடி'யில் இருந்த பாசத்தை வேறு எந்த வார்த்தையிலும் வைக்க முடியாது.

அதற்குப் பிறகு இருவரும் ஒரு கூட்டாகிவிட்டார்கள். கை மாமியாருடையது, நாள் மருமகளுடையது. பஸ் நிலைய வாசலில் சாவி செய்யக் கொடுத்துவிட்டு, அது ராவி முடிகிற வரைக்கும் ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

"நாளக்கா, பக்கத்து வீட்டுக்காரி வாயை அடைக்கணும்," என்பாள் ரொட்டிக்கடைக்காரி.

"அவ வாயை அடைக்கணுமா, உன் காதை அடைச்சா போதுமா?"

"வெளையாடாதீங்கக்கா."

"சேர்க்கவா, விலக்கவா? அதைச் சொல்லு முதல்ல." அது அவளுடைய முதல் கேள்வி. அடுத்தது, யாருக்கு என்பது. ஆள் யாரென்று தெரியாமல் அவள் நாள் சொன்னதே இல்லை. பொய் நாளும் சொன்னதில்லை. பிடிக்காதவர் கேட்டாலும் சரி, கெட்ட எண்ணத்தோடு கேட்டாலும் சரி. கெட்ட எண்ணக்காரருக்கு "உங்களுக்கு நாளே இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வாளே தவிர, தப்பான நாளைக் கொடுத்து அனுப்பமாட்டாள்.

இப்படி வருஷங்கள் ஓடின. மாமனார் காலமாகி வெகுநாளாகிவிட்டது. மாமியாருக்குத் தலை முழுக்க வெள்ளை; கை மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் தெருவில் விளையாடிய பிள்ளைகளின் பந்து ஒன்று சமையலறை ஜன்னலைச் சில்லுச் சில்லாக்கிற்று. கண்ணாடிக்காரர் வந்தார்.

அவருக்கும் வயது மாமியாரை ஒட்டித்தான் இருக்கும். தெருமுனையில் கடை. பெண்சாதி போன பிறகு தனி ஆள், தனிச் சமையல். மடக்கு அளவுகோலை விரித்து ஜன்னல் சட்டத்தை அளந்தார், மறுபடியும் அளந்தார். "அளவு தப்பினா கண்ணாடி மன்னிக்காதும்மா," என்றார். கண்ணாடியை மேசைமேல் போட்டு வைரமுனைக் கருவியால் ஒரே ஒரு கோடு இழுத்தார். பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். கண்ணாடி சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக இரண்டாய்ப் பிரிந்தது.

மாமியார் கரண்டியோடு நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கத் தன் கையைப் பற்றிய பெருமையோடு இருந்தவர் அவர். இன்னொரு கையைப் பார்த்து வாயடைத்தது அதுதான் முதல் தடவை.

கண்ணாடி ஆடாமல் சுற்றிலும் லப்பம் தடவி முடித்து, தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இது காயற வரைக்கும் ஜன்னலை அடிச்சுச் சாத்தாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் போய்விட்டார். மாமியார் அந்த ஜன்னலுக்குக் காவல் இருந்தார். காற்று அடித்தால் ஓடிப்போய்ப் பிடித்தார். லப்பமும் காய்ந்தது. ஜன்னல் கச்சிதமாக மூடியது. அவரை மறுபடி கூப்பிட ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை மாமியார் சாவிக்கடைக்கே வந்துவிட்டார்.

"ஏய், வர்ற வெள்ளிக்கிழமை எப்படி?"

"எதுக்கு அத்தை?"

"ஒண்ணு சேர்க்கணும்."

"எதை எதோட?"

"மனசை மனசோட."

நாளக்காவின் கையில் அரம் நின்றது. "யார் மனசை?"

"யாரோ ஒருத்தி வந்து கேட்டா. பேர் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"வயசாவது சொல்லுங்க."

"வயசு எதுக்கு? முடிஞ்சுபோன வயசு இல்ல, அவ்வளவுதான்."

நாளக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். யாரோ விதவை வந்து கெஞ்சியிருப்பாள் என்று நினைத்தாள். "ஆள் தெரியாம நான் நாள் சொல்றதில்லைன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா இதை மட்டும் கேட்டுக்கோங்க. இப்ப தேய்பிறை. சனிக்கிழமையோட பழைய நிலா முடியுது. அதுக்கப்புறம் வர்ற வெள்ளி இருக்கே, அந்த மாதிரி வெள்ளி வருஷத்துக்கு ஒண்ணு வந்தாலே பெருசு. அதுவரைக்கும் அவளைப் பொறுத்துக்கச் சொல்லுங்க."

மாமியாருக்குப் பொறுமை என்பது பக்கத்து வீட்டுச் சாமான். அவசரத்துக்குக்கூட இரவல் வாங்கமாட்டார். மறுநாளே செய்துவிட்டார். மறுநாள் என்றால் செவ்வாய். தேய்பிறைச் செவ்வாய்!

வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்ணாடிக்காரர் சாவிக்கடை முன்னால் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. விரலில் கட்டு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைக்குட்டை மடிப்பு ஒன்றை மெஷின் பக்கத்தில் வைத்துப் பிரித்தார்.

"இதைப் பாரும்மா. என் கடை மிதியடிக்கு அடியில கிடந்தது."

சிவப்பு நூல். செப்புக் கம்பி. முடிச்சு.

"யாரோ என் தொழிலைக் கெடுக்கப் பாக்கறாங்க. புதன்கிழமையிலிருந்து தொட்டதெல்லாம் உடையுது. இத்தனை வருஷமா என் கையில கண்ணாடி உடைஞ்சதில்ல. நேத்து கடை முகப்புக்குன்னு வாங்கி வெச்ச பெரிய கண்ணாடி, சும்மா சாத்தி வெச்சிருந்தது, தானா விரிசல் விட்டுப் போச்சு. நான் யாருக்கும்மா கெடுதல் பண்ணேன்? இதைத் தலையைச் சுத்தி எறியணும். எந்த நாள் நல்லதுன்னு மட்டும் சொல்லு."

நாளக்கா நூலைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. இடப்பக்கம் வளைந்து, உள்ளே புகுந்து, மறுபடி இடப்பக்கமே வெளியே வருகிற அந்த முடிச்சு உலகத்தில் ஒரே ஒரு கையால்தான் விழும். அந்தக் கை காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்டிருந்தது.

நாளக்கா சாவிக்கொத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்தது சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. அத்தையா! 'முடிஞ்சுபோன வயசு இல்ல!' ஓடிப்போய்த் தெருவெல்லாம் சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு எங்கேயாவது ஒளிய வேண்டும் போலவும் இருந்தது.

ஆனால் எதிரில் ஒரு மனிதர் நடுங்கிக்கொண்டு நின்றார். கேட்டது நாள்.

"நாளைக்கு," என்றாள். "சனிக்கிழமை. சூரியன் இறங்கறதுக்கு முன்னாடி ஓடற தண்ணியில வெச்சு முடிச்சை அவிழ்த்து விட்டுடுங்க. நாளையை விட்டா நிலா வளர ஆரம்பிச்சிடும். கட்டினதும் அதோட வளரும்."

அவர் கும்பிடாத குறையாகப் போனார். அவர் தலை மறைந்ததும் நாளக்கா கடையை அடைத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், வியாபாரம் சூடாக இருக்கிற நேரம். அப்படி அவள் கடையை அடைத்து யாரும் பார்த்ததில்லை.

மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பேர் சொல்லக் கூடாதுன்னு சொன்னாளே ஒருத்தி," என்றாள் நாளக்கா மூச்சிரைக்க, "அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க, பேசணும்."

"எவ?"

"கண்ணாடிக் கடை மிதியடிக்கு அடியில நூல் வெச்சவ."

கத்தி கீழே விழுந்தது. மாமியாரின் முகம் காது வரைக்கும் சிவந்தது. வெங்காயத்தின்மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உன்கிட்ட யார் சொன்னா?"

"அவரே கொண்டு வந்து காட்டினார். விரட்டறதுக்கு நாள் கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"நாளைக்குன்னு சொன்னேன்."

"அடிப்பாவி! சொந்த மாமியாருக்கு எதிரா நாள் சொல்லுவியா? ஒரு பொய் நாள் சொல்லி அனுப்பக் கூடாதா?"

"பொய் நாள் சொன்னா நாளைக்கு நான் சொல்ற உண்மை நாளை யார் நம்புவா? அதைவிடுங்க. செவ்வாய்க்கிழமை போய் மனசைச் சேர்ப்பாங்களா யாராவது? அதுவும் தேயற நிலாவுல? அவர் கடையில ஒரு கண்ணாடி உருப்படியா இல்ல அத்தை. முகப்புக்கு வாங்கின பெரிய கண்ணாடியும் போச்சு."

மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மெல்லிய குரலில் கேட்டார். "கையில அடிபட்டுச்சா?"

"விரல்ல கட்டு போட்டிருக்கார்."

"எந்தக் கை?"

"வலது."

மாமியார் தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்தார், அது ஏதோ கடித்துவிட்ட நாய் என்பது போல. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "அவரால அதை அவிழ்க்க முடியாதே! என் முடிச்சை நான்தான் அவிழ்க்கணும். அவிழ வராம போனா கத்தரிப்பார். கத்தரிச்சா ரெண்டு பக்கமும் கட்டு நிக்கும், ஆயுசுக்கும் விலகாது. அந்த மனுஷன் கையில இனிமே கண்ணாடி நிக்காதுடீ!"

அதை நாளக்கா யோசிக்கவில்லை. நாள் அவளுக்குத் தெரியும், முடிச்சு தெரியாது.

சனிக்கிழமை காலையில் நேரே கடைக்குப் போய், உண்மையைச் சொல்லி, நூலைக் கேட்டு வாங்கி அவிழ்ப்பது என்று தீர்மானமாயிற்று. ஆனால் மாமியார் ஒரு உடையை உடுத்திக் கண்ணாடி பார்த்தார், அவிழ்த்தார், வேறொன்றை உடுத்தினார், வாசல் வரை வந்து "எனக்கு மயக்கமா வருது" என்று உட்கார்ந்தார். இப்படியே பொழுது சாய்ந்தது. ஒருவழியாகக் கடைக்குப் போனால் பூட்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுப் பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் மாட்டப் போயிருக்கிறார், இருட்டித்தான் வருவார் என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கால்வாய் ஓடுது," என்றாள் நாளக்கா. "அங்கேயே முடிச்சிடுவார்."

சூரியன் கூரைகளுக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் நின்றது. நிறுத்தத்தில் ஒரு பஸ்ஸையும் காணோம். அப்போது வளைவில் திரும்பி வந்தது, ஒரே ஒரு காலி பஸ். ஓட்டுநர் இருக்கையில் அவள் புருஷன். மாமியார் நடுத்தெருவுக்குப் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

"அம்மா! என்ன இது? வண்டி டிப்போவுக்குப் போகுது. ஆள் ஏத்தக் கூடாது!"

"நான் ஆளா? உன் அம்மாடா!" என்றபடி மாமியார் ஏறிவிட்டார். "பாலத்துக்கு விடு."

"எதுக்கு?"

"விடுங்களேன், அப்புறம் சொல்றேன்," என்றாள் நாளக்கா, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அவன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். இந்த இரண்டு பெண்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் தன் பேச்சு எடுபடாது என்று அவனுக்குப் பல வருஷமாகத் தெரியும். கியரைப் போட்டான்.

காலி பஸ் தகரப் பெட்டியாகக் குலுங்கியது. ஜன்னல்கள் எல்லாம் கைதட்டின. பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், அதுவும் நிறைசுமை. பெட்டிக்குப் பின்னால் பெட்டியாக ஊர்ந்தது. மாமியார் ஜன்னலில் தலையை நீட்டி ரயிலைத் திட்டினார். "இதுக்கு வாலே கிடையாதா? எந்தக் கட்டையில போறவன் ஓட்டறான்?" சூரியன் இதற்குள் மரங்களுக்குள் விழுந்துவிட்டது. நாளக்கா மரங்களுக்கு இடையே வெளிச்சத்தை எட்டி எட்டிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் அவள் மனதில் ஒரு வேண்டாத நினைப்பு வந்தது. கட்டு அவிழ்ந்தால் எல்லாம் முடிந்தது; அத்தை வீட்டிலேயே இருப்பார். நேற்று நாளைச் சொன்னபோது நாணயம் மட்டும்தான் பேசியதா? அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டி நகர்ந்தது. "போங்க, போங்க!" என்று புருஷனின் முதுகில் குத்தினாள்.

பாலம் ஏறியதும் கால்வாய் தெரிந்தது. படிக்கட்டில், தண்ணீரை ஒட்டி, கண்ணாடிக்காரர் குந்தியிருந்தார். ஒரு கையில் நூல். இன்னொரு கையில் கண்ணாடி விளிம்பு ஒடிக்கிற குறடு. முடிச்சோடு மல்லுக்கட்டி ஓய்ந்து, வெட்டிவிடுவது என்று முடிவுக்கு வந்திருந்தார். குறட்டின் வாய் திறந்தது.

"வெட்டாதீங்க!"

பஸ் நிற்பதற்கு முன்பே மாமியார் போட்ட கூச்சலில் பள்ளிக்கூடச் சாரத்தில் நின்ற கொத்தனார்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் குறட்டை நழுவவிட்டார். அது தண்ணீரில் போய் விழுந்தது.

மாமியார் படிகளில் இறங்கினார். அந்த வயதில் அந்த வேகத்தை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. கண்ணாடிக்காரர் முன்னால் போய் இடது கையை நீட்டினார். "குடுங்க. அதைக் கட்டினது நான்தான்."

"நீங்களா?" மனிதர் நூலை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். "ஜன்னல் மாட்டின வீட்டம்மாதானே நீங்க? உங்களுக்கு நான் என்ன பண்ணேன்?"

"முதல்ல குடுங்க. வெளிச்சம் போகுது."

நூலை வாங்கி, நீருக்குள் வைத்து, இடது கையின் இரண்டு விரலால் ஒரு நெருடு நெருடினார். அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் அவ்வளவு நேரம் போராடிய முடிச்சு கூந்தல் பிரிவது போலப் பிரிந்தது. கம்பி மூழ்கியது. சிவப்பு நூல் நெளிந்து நெளிந்து பாலத்துக்கு அடியில் போயிற்று. அந்தக் கரைக் கட்டடத்துக்குப் பின்னால் சூரியனின் கடைசிக் கீற்று அப்போதுதான் இறங்கியது.

"எதுக்குக் கட்டினீங்க?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

மாமியார் தண்ணீரையே பார்த்தார். "அந்த ஜன்னல்..."

"ஏன், சரியா மூடலையா?" தொழில்காரருக்குச் சுருக்கென்றது. "நான் மாட்டின ஜன்னல் அப்படி இருக்காதே!"

"நல்லா மூடுது. அதான் குறை. ரிப்பேர் வந்தாத்தானே நீங்க வருவீங்க?"

கண்ணாடிக்காரருக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் அவர் காது சிவந்தது. பிறகு தோள் குலுங்கிற்று. பிறகு படியில் உட்கார்ந்தே சிரித்தார், கட்டுப் போட்ட விரலால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மகனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. "என்ன ஜன்னல்? என்ன ரிப்பேர்? யாராவது சொல்லித் தொலைங்களேன்!"

"அதெல்லாம் சரி," என்றார் கண்ணாடிக்காரர் கடைசியில். "என் பெரிய கண்ணாடிக்கு யார் பதில் சொல்றது?"

"புதுசு வரவழைங்க. நான் வந்து ஒரு பக்கம் பிடிக்கிறேன். அவ்வளவு பெரிய கண்ணாடியைத் தனியாத் தூக்கறது என்ன புத்தி?"

கண்ணாடிக்காரர் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். தனியாகத்தான் தூக்கிக்கொண்டிருந்தார், பெண்சாதி போன நாளிலிருந்து.

புதுக் கண்ணாடி வந்து இறங்கிய அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. ரொட்டிக்கடை வாசலில் இருந்தவர்களை "விலகுங்க, விலகுங்க" என்று அதட்டியபடி மாமியார் ஒரு முனையையும், கண்ணாடிக்காரர் மறுமுனையையும் பிடித்து நடந்தார்கள். நடுவில் கண்ணாடியில் வானமும் மாடி வீடுகளும் மிதந்து போயின. மகன் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். டிப்போவில் வாங்கிய வசவு ஒரு பக்கம், அம்மாவின் செய்தி ஒரு பக்கம். பிறகு ஒருநாள் அவனாகவே கண்ணாடிக் கடைக்குப் போய், பஸ் ஜன்னல் ஏன் அப்படிக் கடகடக்கிறது என்று கேட்டான். இரண்டு பேரும் சாயங்காலம் வரை ரப்பர் பட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போட நாள் பார்க்க வேண்டும் என்று மாமியார் சாவிக்கடைக்கு வந்து நாளக்காவைத்தான் கேட்டார். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அறுவடைக் காலம் முடியட்டும் அத்தை," என்றாள். "அதுக்கப்புறம் ஒரு வெள்ளி வருது. அருமையான நாள்."

நாள் பார்க்கத் தெரியாத அந்த மனுஷி, மருமகளின் முகத்தைப் பார்த்தார். தீக்குச்சி விரலைச் சுட்ட அன்று பார்த்தாரே, அப்படி.

"பக்கத்துல ஒண்ணுமே இல்லையா?"

நாளக்கா சாவியை ராவுவது போலத் தலையைக் குனிந்தாள். மெஷின் ஓடவே இல்லை.

"வாழ்க்கையில முதல் தடவையா பொய் நாள் சொல்ற," என்றார் மாமியார். "அதையும் எனக்கே சொல்ற. திருடி! தெருமுனைக்குத்தானேடீ போறேன், தேசம் விட்டா போறேன்? காலையில வந்து உனக்குத் தலை வாரிட்டுத்தான் கடை திறப்பேன்."

நாளக்காவின் கண்ணிலிருந்து பொட்டென்று ஒரு சொட்டு மெஷின்மேல் விழுந்தது. அதை விரலால் துடைத்தாள். "வர்ற வளர்பிறை வெள்ளி," என்றாள். "அதைவிட நல்ல நாள் கிடையாது. காலையிலயே முடிச்சிடணும். மத்தியானம் தாண்டினா எனக்குப் பிடிக்கல."

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பார்த்துக் கண்ணாடிக்காரருக்கு ஓர் அவசர வேலை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிரசவ அறை ஜன்னல் உடைந்து, குழந்தைகள்மேல் காற்று அடிக்கிறது என்று ஆள் வந்தது. போகாமல் இருக்க முடியுமா? அலுவலகப் படிக்கட்டில் மாமியார் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நாளக்கா சூரியனைப் பார்த்தாள். அது அவள் தலைக்கு நேரே வந்துகொண்டிருந்தது. அலுவலர் எட்டிப் பார்த்து, "வர்றாரா இல்லையா?" என்று கேட்டார்.

வந்தார். சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார். புதுச் சட்டை, அதன்மேல் கண்ணாடித் தூள் மின்னியது. பத்து விரலிலும் லப்பம்.

"இந்தக் கையோடயா?" என்று மாமியார் கத்தினார். "போய்க் கழுவிட்டு வாங்க!"

"கழுவ வேண்டாம் அத்தை, நேரம் போகுது!" நாளக்கா இருவரையும் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். "போடச் சொல்லுங்க, போடச் சொல்லுங்க!"

அவர் வலது கையால் போட்டார். பேனா வழுக்கிற்று. மாமியார் அதைப் பிடுங்கித் தன் உடையில் ஒரு துடைப்புத் துடைத்து, இடது கையால் பக்கத்தில் போட்டார். அலுவலர் பதிவேட்டின் ஓரத்தில் பதிந்த லப்பக் கட்டைவிரலைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதற்குள் எங்கள் தெருவிலிருந்து வந்திருந்த கூட்டம் முழுக்கக் கைதட்ட ஆரம்பித்துவிட்டது.